தோட்டத்தில் காடி

பிழைப்பை நாடி வேற்றூர் செல்லும் தமிழ்க் குடும்பம், பாத்திரம் பண்டங்களோடு ஒரு செடியையும் உடன் கொண்டு செல்வது நெடுநாள் வழக்கம். கறிவேப்பிலைக் கன்றாகவோ, துளசியாகவோ, குண்டுமல்லிப் பதியனாகவோ அது இருக்கும். ஐதராபாத்திலும் சிகந்தராபாத்திலும் நம்மவர் வாழும் வீடுகளின் முற்றங்களிலும் மாடிகளிலும் இச்செடிகளைக் காணலாம். செடி தழைத்தால், குடும்பமும் இவ்வூரில் காலூன்றிவிட்டதாக மனம் மகிழ்கிறோம். இலை வெளுத்து வாடினாலோ, "இந்த ஊர் மண் நமக்கு ஒத்துவராது" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. அப்பேச்சு செடியோடு நின்றுவிடுவதில்லை. முதியோர் வாயில் அது ஊர் திரும்பும் பேச்சாகவும் மாறிவிடுகிறது. ஆகவே, செடியின் இலை ஏன் வெளுக்கிறது என்பது சிறிய கேள்வியன்று.

அண்மைக் காலமாக நம் அன்பர்கள் பலர் செடிகளுக்குக் காடி ஊற்றத் தொடங்கியுள்ளனர். கடையில் வினிகர் என்று விற்கப்படும் அதே பொருள்தான். வெளுத்த இலை பச்சையாகும், களை கருகும், எறும்பு ஓடும், மண்ணே திருந்தும் என்றெல்லாம் அதன் பெருமை பேசப்படுகிறது. இவற்றுள் மெய் எது, மிகை எது, தீங்கு எது என்று பகுத்தறிவது நன்று. எங்கள் வீட்டுச் சிறு தோட்டத்தில் நாங்கள் கண்டறிந்ததையும், நூல்களிலும் நண்பர்களிடமும் கற்றதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் பொருளை அறிவோம். "காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி" என்பது நம் பழமொழி. பழந்தமிழர் காடி என்றது பெரும்பாலும் புளிக்க வைத்த கஞ்சி நீரையே. வினிகர் என்பது அதனின் வேறானது. கள்ளோ பழச்சாறோ முதலில் நுரைத்துப் போதைப் பொருளாகிறது. பிறகு காற்றுப் படும்படி வைத்தால், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் அப்போதைப் பொருளைப் புளிப்பாக மாற்றுகின்றன. அப்புளிப்பின் சத்தே அசெட்டிக் அமிலம். பிரஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1868-இல் இதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். கோவாவில் தென்னங்கள்ளிலிருந்து இன்றும் இவ்வாறு காடி செய்கிறார்கள். ஆனால் நாம் கடையில் குறைந்த விலைக்கு வாங்கும் நிறமற்ற காடி பெரும்பாலும் இவ்வழியில் வந்ததன்று. ஆலையில் செய்த அமிலத்தில் நீர் கலந்தது. அதனைச் செயற்கைக் காடி என்று புட்டியின்மேல் அச்சிட வேண்டும் என்பதும், 100 பங்கில் 3.75 பங்குக்குக் குறையாமல் அமிலம் இருக்க வேண்டும் என்பதும் நம் நாட்டு உணவுச் சட்டம். ஒரு லிட்டர் காடியில் ஏறத்தாழ 40 கிராம் அமிலம் உண்டு என்று கொள்வோம். இக்கணக்கு பின்னர் நமக்கு உதவும்.

இனி, நாம் குடியேறிய ஊரின் மண்ணைப் பார்ப்போம். ஐதராபாத்தைச் சுற்றி இருவகை மண் உண்டு. கருங்கல் பாறைகள் சிதைந்து உண்டான செம்மண்ணைத் தெலுங்கு உழவர் 'சல்க்கா' என்பர். நம்மூர்க் கரிசலை ஒத்த கருமண்ணை 'ரேகடி' என்பர். 1972-இல் பட்டான்செருவில் நிறுவப்பட்ட இக்ரிசாட் எனும் அனைத்துலக வேளாண் ஆய்வு நிலையத்தின் வளாகத்திலேயே இவ்விரு மண்ணும் உள்ளன. கருமண்ணைத் தோண்டினால் சிறு சிறு வெண்ணிறக் கற்கள் கிடைக்கும். அவை நாம் சுக்கான் கல் என்று கூறும் சுண்ணாம்புக் கற்கள். மண் இவ்வாறிருக்க, தண்ணீரோ வேறொரு கதை. குழாய் நீர் போதாத வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீரே செடிகளுக்குக் கதி. அந்நீர் பெரும்பாலும் கடின நீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலும், பூந்தொட்டியின் விளிம்பிலும் படியும் வெள்ளைப் பற்றே அதற்குச் சாட்சி. நாள்தோறும் அந்நீரை ஊற்றும்போது, நாம் அறியாமலே செடியின் வேருக்குச் சிறிது சிறிதாகச் சுண்ணாம்பை இட்டு வருகிறோம்.

இச்சுண்ணாம்பு செய்யும் கேடு யாது? செம்மண்ணின் சிவப்பு நிறமே அதிலுள்ள இரும்பினால் வந்தது. ஆயினும் சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் அவ்விரும்பு நீரில் கரையாது. கரையாத பொருளை வேர் பருக இயலாது. பண்டசாலை நிறைய நெல் இருந்தும் பூட்டின் சாவி இல்லாத குடும்பத்தின் நிலையே அச்செடியின் நிலை. இரும்புக் குறையைக் கண்டறிவது எளிது. கொழுந்திலைகள் முதலில் மஞ்சளாகும். ஆனால் இலை நரம்புகள் மட்டும் பச்சையாகவே நிற்கும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுவதும் மஞ்சளானால் அது வேறு குறை; பெரும்பாலும் தழைச்சத்து இல்லாமை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மருந்து செய்வது, காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போன்றது.

இரும்பைப் போலவே துத்தநாகமும் சுண்ணாம்பு மண்ணில் செடிக்கு எட்டாமல் போகும். வடநாட்டில் பந்த்நகர்ப் பகுதியில் நெற்பயிரை அழித்து வந்த 'கைரா' என்ற நோய்க்குக் காரணம் கிருமியன்று, துத்தநாகக் குறையே என்று 1966-இல் எழுதிக் காட்டியவர் டாக்டர் ஒய். எல். நேனே. அவர் பின்னாளில் இக்ரிசாட்டில் பணியாற்றி, 1994-இல் நம் சிகந்தராபாத்திலேயே ஆசிய வேளாண் வரலாற்று நிறுவனத்தைத் தோற்றுவித்தார். செடி வாடினால் உடனே நோய் என்று அஞ்சாமல், அதற்கு என்ன கிட்டவில்லை என்று ஆராய வேண்டும் என்பதே அவர் ஆராய்ச்சி நமக்குத் தரும் பாடம்.

எங்கள் வீட்டிலும் இக்கேள்வி எழுந்தது. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்த குண்டுமல்லி இரண்டாம் ஆண்டில் வெளுக்கத் தொடங்கியது. "இந்த மண்ணுல மல்லி வராதுடா, விட்டுடு" என்று அம்மா சொல்லிவிட்டார்கள். தெலுங்கு நண்பர்களின் வாயிலில் கோடைதோறும் மல்லிகை பூத்துக் குலுங்குவதை நாங்கள் கண்டிருக்கிறோம். மண்ணே ஒவ்வாதது என்றால் அவை எவ்வாறு பூக்கும்? ஆகவே மண்ணைச் சோதித்துப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். அச்சோதனைக்குத்தான் முதன்முதல் காடி எங்கள் தோட்டத்திற்குள் வந்தது.

சோதனை மிக எளிது. உலர்ந்த மண் இரண்டு தேக்கரண்டி எடுத்து ஒரு கிண்ணத்தில் இட்டு, முதலில் சிறிது மழைநீர் விட்டு நனைக்க வேண்டும். உலர்மண்ணில் அடைபட்ட காற்று குமிழியிட்டு வெளியேறும். அதனைச் சுண்ணாம்பின் நுரை என்று மயங்கலாகாது என்பதற்காகவே இந்நனைப்பு. பின்னர் அதன்மேல் காடியை ஊற்றிக் காதை அருகே வைத்தால், சுண்ணாம்பு இருக்குமாயின் சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் இரையும், நுரை பொங்கும். இல்லையாயின் அமைதியாக இருக்கும். சுண்ணாம்பைக் காடி கரைக்கும்போது கரியமிலவாயு வெளிப்படுவதே அந்நுரைக்குக் காரணம். நுரை இல்லை என்பதனாலேயே மண் குறையற்றது என்று முடிவு கட்டிவிட இயலாது. எனினும் நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு என்பது உறுதி.

நாங்கள் நான்கு இடத்து மண்ணைச் சோதித்தோம். பாத்தியின் நடுவிலிருந்து எடுத்த செம்மண் சிறிதும் நுரைக்கவில்லை. பழைய சுவரோரத்து மண் நன்றாக நுரைத்தது. அங்கே உதிர்ந்த சுண்ணாம்புக் காரை மண்ணோடு கலந்திருந்தது. ஒருமுழ ஆழத்தில் எடுத்த மண்ணும் நுரைக்கவில்லை. மல்லிகை நின்ற தொட்டியின் மேல்மண்ணோ எல்லாவற்றிலும் மிகுதியாகப் பொங்கியது. தொட்டியை நிரப்பியதும் நுரைக்காத அதே பாத்தி மண்ணைக் கொண்டுதான். ஆகவே குற்றம் ஊர் மண்ணினுடையதன்று; இரண்டாண்டு ஊற்றிய கிணற்று நீர் விட்டுச் சென்ற சுண்ணாம்பே அது என்பது விளங்கிற்று. அம்மாவையும் அழைத்துக் கிண்ணங்களைக் காட்டினோம். "அப்போ தண்ணிதான்" என்றார்கள். மண்ணின்மேல் இருந்த பழி அன்றே நீங்கியது.

நோயைக் காட்டிய காடியே மருந்துமாகுமா என்பது அடுத்த கேள்வி. அலுவலகத்தில் நாள் முழுதும் கணக்கெழுதும் பழக்கத்தால் இதையும் கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு லிட்டர் காடியிலுள்ள 40 கிராம் அமிலம் ஏறத்தாழ 33 கிராம் சுண்ணாம்புக் கல்லைத்தான் கரைக்கும். ஒரு சதுர மீட்டர் பாத்தியில் அரையடி ஆழத்து மண் சுமார் 200 கிலோ எடை. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு இருந்தாலும் அது 2 கிலோ. அதனைக் கரைக்க 60 லிட்டர் காடி வேண்டும்! அவ்வளவையும் ஊற்றினால் சுண்ணாம்பு கரைகிறதோ இல்லையோ, செடி கட்டாயம் மாளும். அன்றியும் காடியின் அமிலத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சில நாட்களில் உண்டு தீர்த்துவிடுகின்றன; மண் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்புகிறது. ஆகவே, காடியால் மண்ணைத் திருத்துவது என்பது ஆகாத காரியம்.

தொட்டிச் செடிக்கு ஊற்றும் நீரில் ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி காடி கலந்தால், அந்நீரின் காரத்தன்மை அப்போதைக்குக் குறையும் என்பது மெய்யே. மழையில்லாத காலத்தில் எப்பொழுதாவது அவ்வாறு செய்வதில் கேடில்லை. ஆனால் நாள்தோறும் செய்தால் செலவும் மிகும், வேரும் வருந்தும். அதைவிடச் சிறந்த மருந்து விலையின்றி வானத்திலிருந்து விழுகிறது. ஐதராபாத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. பத்துச் சதுர மீட்டர் கூரையில் விழுவது மட்டும் 8,000 லிட்டர். அதில் ஒரு சிறு பங்கைப் பீப்பாயில் பிடித்து மூடி வைத்தாலும், தொட்டிச் செடிகளுக்குப் பல வாரங்கள் போதும். மூடி கட்டாயம் வேண்டும். இல்லையேல் கொசுவை வளர்த்தவர்களாவோம்.

எங்கள் மல்லிகைக்கு நாங்கள் செய்தது இதுவே. தொட்டியின் மேல்மண்ணை இரண்டங்குலம் நீக்கி, மக்கிய எருவும் புதுச் செம்மண்ணும் இட்டோம். கிணற்று நீரை நிறுத்தி மழைநீர் ஊற்றினோம். நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று விற்கப்படும் இரும்பு உப்பை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, வெயில் தாழ்ந்த பின் இலைகளில் தெளித்தோம். மல்லிகையின் இரும்புக் குறைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் அளவு இதுவே. இலை பச்சையாகும்வரை மாதம் ஒருமுறை தெளிக்கச் சொல்கிறார்கள். மூன்று வாரத்தில் புதிய கொழுந்துகள் பச்சையாக வந்தன. கறிவேப்பிலைக்கு அம்மா தம் வழக்கப்படி புளித்த மோரை நீர்விளாவி ஊற்றி வருகிறார்கள். மோரின் புளிப்பு காடியின் புளிப்பன்று. அது மென்மையானது, சிறிது உணவுச் சத்தும் உடையது. நம் வீட்டுப் பெண்டிர் வழிவழியாகச் செய்துவந்த இம்முறையைக் கைவிட வேண்டியதில்லை.

களைகளைக் கருக்கக் காடி உதவும் என்பதில் உண்மை உண்டு. அமெரிக்க வேளாண் ஆய்வுத் துறையினர் பெல்ட்ஸ்வில் என்னுமிடத்தில் செய்த சோதனைகளின் முடிவை 2002-இல் வெளியிட்டனர். முளைத்து இரண்டு வாரத்திற்கு உட்பட்ட களைகளை நூற்றுக்கு 5 பங்கு வலிமையுள்ள காடியே கொன்றது. வளர்ந்த களைகளுக்கு அதைவிட வலிய அமிலம் வேண்டியிருந்தது. நம் அனுபவமும் அதுவே. வாயிற்படியின் கல்லிடுக்குகளில் முளைக்கும் இளங்களைகள்மேல் உச்சிவெயிலில் காடி தெளித்தால் மாலைக்குள் கருகிவிடும். ஆனால் காடி பட்ட தழைதான் கருகும். வேரை அது எட்டுவதில்லை. மணமக்களை அறுகுபோல் வேரோடுக என்று வாழ்த்துகிறோமே, அந்த அறுகும் அதன் தோழனான கோரையும் இரண்டு வாரத்தில் மீண்டும் தலைகாட்டும். காடிக்குக் களை எது, செடி எது என்ற பகுப்பும் கிடையாது. பாத்தியின் நடுவே தெளித்தால் கீரையும் கருகும்.

1950-களின் நடுவில் பூனாவில் முதன்முதல் கவனிக்கப்பட்டு, இன்று நாடெங்கும், நம் இரயில் பாதையோரங்களிலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தைத் தெலுங்கர் 'வய்யாரிபாமா' என்று அழகிய பெயரிட்டு அழைக்கின்றனர். பெயர்தான் அழகு, தோலில் அரிப்பும் மூச்சில் இளைப்பும் தருவது அதன் இயல்பு. நன்கு வளர்ந்த அச்செடி கடைக்காடிக்கு அஞ்சாது. பூக்குமுன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்குவதே வழி. இதற்கென்றே மெக்சிகோ நாட்டு வண்டொன்றை 1984-இல் பெங்களூர்ப் பகுதியில் விட்டனர் நம் விஞ்ஞானிகள். மழைக்காலத்தில் அவ்வண்டு பார்த்தீனிய இலையைத் தின்பதைக் கண்டால் அதனைக் கொன்றுவிடாதீர்கள். காடியோடு உப்பும் கலந்து தெளிக்கச் சொல்வாரும் உளர். அதனை மட்டும் செய்யவேண்டா. காடி சில நாளில் மறையும். உப்போ மண்ணிலே தங்கி, பிறகு வைக்கும் செடியையும் வளரவிடாது.

காடி ஐயமின்றிப் பயன்படும் சிறு பணிகள் சில உண்டு. தொட்டி விளிம்பிலும் பூவாளியின் கண்களிலும் அடைத்த வெள்ளைப் பற்றைக் காடியில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். எறும்புச் சாரியைக் காடித் துணியால் துடைத்தால், அவை விட்டுச் சென்ற வாசனைத் தடம் அழிந்து சிறிது நேரம் வழி தவறும். புற்று உள்ளவரை அவை திரும்பவும் வரும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இறுதியாக, ஓர் எச்சரிக்கை. எங்கள் வரிசையில் ஒரு வீட்டம்மையார், மழை நாளில் தோட்டத்துச் சாக்கடையோரம் வெளுப்புப் பொடி தூவியிருந்தார். அன்றே களைக்கென்று அதன்மேல் காடியையும் ஊற்றினார். நொடியில் கிளம்பிய நெடியில் மூச்சுத் திணறி இருமினார்; அயலார் வெளியே அழைத்துச் சென்று காற்றாட அமர்த்தியதால் சில மணி நேரத்தில் தேறினார். பிளீச்சிங் பவுடர் எனும் அவ்வெளுப்புப் பொடியில் புளிப்பான எது பட்டாலும் குளோரின் என்ற நச்சுவாயு பிறக்கும். மழைக்காலத்தில் நம் வீடுகளில் இவ்விரண்டும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. பிரித்து வையுங்கள், ஒரே நாளில் ஒரே இடத்தில் பயன்படுத்தாதீர்கள்.

காடி போதாது என்று செறிவான அமிலத்தை வாங்கி வந்து கலப்பாரும் இருக்கின்றனர். இரயில்வேயில் அமிலங்களை ஏற்றுவதற்கு 'ரெட் டாரிஃப்' எனும் அபாயச் சரக்கு விதிகள் தனியே உள்ளன. சரக்குத் தாள்களைப் பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் அதன் காரணத்தை அறிவோம். காடியில் நூற்றுக்கு நான்கு பங்காக இருக்கும் அதே பொருள், செறிந்த நிலையில் தோலைப் பொசுக்கும், கண்ணைக் கெடுக்கும். பெயரொட்டாத பழைய புட்டியில் ஊற்றி வைத்தாலோ, குழந்தைகள் தண்ணீரென்று குடிக்கவும் கூடும். தோட்டத்திற்கு அது வேண்டவே வேண்டா.

காடியின் வேலை சிறிது. இளங்களையைக் கருக்கும், பற்றைக் கரைக்கும், எல்லாவற்றினும் மேலாக, மண்ணில் சுண்ணாம்பு உண்டா என்ற கேள்விக்கு ஒரு கிண்ணத்தில் விடை சொல்லும். ஆகவே அன்பர்களே, உங்கள் செடி வெளுத்தால், ஊர் மண் ஒவ்வாதென்று முடிவு செய்யுமுன் இரண்டு தேக்கரண்டி மண்ணை எடுத்துக் கேட்டுப் பாருங்கள். வரும் மழைக்கு முன்னே ஒரு பீப்பாயைத் துலக்கி வையுங்கள். தெலுங்கு அயலாரின் மல்லிகை எந்நீரால் வளர்கிறது என்றும் விசாரியுங்கள். அவ்விசாரிப்பில் செடிக்கு மருந்து கிடைக்கும். அதனோடு நல்ல அயலாரும் கிடைப்பார்கள்.